டெல்பின் வீடு போன வழி

தூத்துக்குடி சங்குக்காரத் தெருவில் இருந்த ஓட்டு வீடு ஒன்று, அதில் குடியிருந்த டெல்பின் என்கிற பாட்டுக்காரி தன் முதல் தனி ஆல்பத்தின் முதல் பாட்டைப் பாடி முடித்து வாயை மூடியதும், தெருவே மீன் குழம்பு வாசனையில் மிதந்த ஒரு மத்தியானத்தில், இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் நடுவிலிருந்து மெல்ல வெளியே வந்தது. தோணி துறையை விட்டு விலகும்போது முதலில் ஒன்றும் நடக்காதது போலவும், பிறகு நடுவில் ஒரு முழம் தண்ணீர் தெரிவது போலவும் இருக்குமே, அப்படி விலகியது. சுவரில் கீறல் விழவில்லை, ஓடு ஒன்றும் சரியவில்லை. கொடியில் காய்ந்த சேலை மட்டும் வீட்டோடு போவதா தெருவோடு நிற்பதா என்று தெரியாமல் கொஞ்சம் இழுபட்டு, கடைசியில் வீட்டோடு போனது. தெருமுனையில் டவுன் பஸ் வந்தது. வீடு நின்று அதற்கு வழிவிட்டது. பிறகு இடதுபக்கம் திரும்பி, காய்கறி வாங்கப் போகிற பெண்ணின் நடையில் கடைவீதியைக் கடந்து, எண்ணெய்க்காரத் தெருவில் அரிசி மண்டிக்கும் பல் டாக்டர் வீட்டுக்கும் நடுவே, ஏற்கெனவே ஆள் நிறைந்த பஸ் சீட்டில் ஒருத்தி வந்து "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று உட்காருவாளே, அப்படி நெருக்கி உட்கார்ந்துகொண்டது. மண்டியும் பல் டாக்டர் வீடும் கொஞ்சம் தள்ளிக்கொண்டன.

டெல்பினைத் தெரியாதவர்கள் அப்போது ஊரில் குறைவு. 'உப்புக்காத்து' என்ற ராக் பேண்டில் பதினோரு வருடம் பாடியவள். கட்டையான, ஓரத்தில் பிசிறடிக்கிற குரல். அவள் உச்சத்துக்குப் போகும்போது துறைமுகத்தில் கிரேன் திரும்புகிற சத்தம் போல இருக்கிறது என்று பிடிக்காதவர்கள் சொல்வார்கள், பிடித்தவர்களும் அதையேதான் சொல்வார்கள். பாட்டுக் கட்டுவதும் கிட்டார் வாசிப்பதும் ரீகன். டிரம்ஸுக்கும் பேஸ் கிட்டாருக்கும் ரீகனின் தம்பிமார் இருவர். ரீகனும் டெல்பினும் கல்யாணம் பண்ணிக்கொள்வார்கள் என்று ஊர் ஒருகாலத்தில் பேசியது, பிறகு ஊரே பேசி ஓய்ந்தது. மதுரை, கோயம்புத்தூர், சென்னை என்று கல்லூரி கல்லூரியாகப் போய் வாசித்தார்கள். பையன்கள் மேடைக்கு முன்னால் தலையைச் சுழற்றி ஆடினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவர்கள் பயிற்சி பண்ணுகிற, உப்பு மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கியில் ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனது. கிட்டார் நின்றது, பேஸ் நின்றது, டிரம்ஸ் வாசித்த தம்பி குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் தீப்பெட்டி தேடினான். டெல்பின் மட்டும் கண்ணை மூடியிருந்ததால் ஒன்றும் தெரியாமல் இரண்டு வரி பாடிவிட்டாள். அந்த இரண்டு வரியை யாரோ முன்பின் தெரியாத ஒரு பொம்பளை தன் பக்கத்தில் நின்று பாடுவது போல அவளுக்குக் கேட்டது. அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்து நடந்தாள், பஸ்ஸில் தன் நிறுத்தம் வருமுன்பே இறங்கினாள், யார் அந்தப் பொம்பளை, அவள் மிச்சத்தையும் பாடினால் எப்படி இருக்கும் என்பதைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஓடவில்லை.

"தனியா ஒரு ஆல்பம் போடப்போறேன்" என்றாள் ரீகனிடம்.

ரீகன் கிட்டார் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். "போடு. நான் வாசிக்கேன். தம்பிமாரும் வாசிப்பானுவ."

"அப்பொறம் அது எப்படி தனி?"

அவன் துடைப்பதை நிறுத்தினான். "எங்க மேல கோவமா?"

"கோவம் இருந்தா சண்டை போட்டுட்டு இங்கயேதான கெடப்பேன் ரீகன். கோவம் இல்ல, அதான் போறேன்."

வீட்டின் முன்னறையில் பாயையும் பழைய போர்வைகளையும் சுவரெல்லாம் தொங்கவிட்டு, ஒரு மைக்கும் லேப்டாப்பும் வைத்து, தனக்குத் தெரிந்த மூன்றே மூன்று கார்டுகளை, விரல் பிடிக்கிற சுரக்கூட்டுகளை, ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டாரில் வாசித்துக்கொண்டு அவள் பாட ஆரம்பித்தாள். அப்படிப் பாடி முடித்த முதல் பாட்டுக்குத்தான் வீடு எண்ணெய்க்காரத் தெருவுக்குப் போனது.

இதில் யாருக்கும் வராத துக்கம் அவள் அம்மா சலேத்துக்கு வந்தது, அதற்குக் காரணம் இருந்தது. சலேத்தின் புருஷன் சில்வெஸ்டர் தோணியில் தண்டலாக இருந்தவன். தோணியைக் கடலில் நடத்திப்போவது அவன் வேலை. டெல்பின் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வெங்காயம் ஏற்றிக்கொண்டு போன தோணி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. கொல்லத்தில் இறங்கிவிட்டான், அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று தோணிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். சலேத் அழவில்லை, ஆள் விட்டுத் தேடவில்லை, தாய்வீட்டுக்கும் போகவில்லை. அண்ணன்மார் வந்து வேறு ஊருக்குக் கூப்பிட்டபோது ஒரே பதில்தான் சொன்னாள்.

"அவன் ஒருநாள் வந்து இந்த வாசல்ல நிப்பான். அன்னைக்கு நான் அவன் மூஞ்சியில கதவச் சாத்தணும். அதுக்கு வீடு இங்க இருக்கணும்லா?"

அதற்காகவே அந்தக் கதவுக்கு வருடா வருடம் பெயின்ட் அடித்தாள், கீலுக்கு எண்ணெய் விட்டாள். இப்போது அந்தக் கதவைத் திறந்தால் எதிரே சங்குக்காரத் தெருவின் குழாயடி இல்லை, எண்ணெய்க்காரத் தெருவின் தராசும் சாக்கும் இருந்தன.

"ஏட்டி, என்ன காரியம் செஞ்சு வச்சிருக்க? அவன் வந்தா எங்கன்னு தேடுவான்?"

"தேடட்டும்மா."

"தேடிக் கெடைக்காட்டி நான் யார் மூஞ்சியில சாத்துறது?"

ஊர் இதற்கெல்லாம் சீக்கிரம் பழகிக்கொண்டது. மின்சார வாரியத்து சுடலைமுத்து ஏணியோடு வந்து புதுக் கம்பத்திலிருந்து ஒயர் இழுத்தார், இழுத்து முடித்து, "அடுத்த பாட்டு எப்பம்மா? சொன்னியன்னா ஒயர முன்கூட்டியே கழட்டிருவேன், அறுந்து தொங்குனா மாட்டுக்கு ஆபத்து" என்று மட்டும் கேட்டார். சிலிண்டர் போடுகிறவன் பாட்டுச் சத்தம் கேட்கிற திசையில் வண்டியைத் திருப்பப் பழகினான். மாநகராட்சியில் வீட்டு வரியை எந்த வார்டில் சேர்ப்பது என்று கூட்டம் போட்டார்கள், இரண்டு கவுன்சிலர்கள் அடித்துக்கொண்டார்கள், கடைசியில் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். சங்குக்காரத் தெருவில் வீடு இருந்த பொட்டலில் பிள்ளைகள் வலை கட்டி ஷட்டில் ஆடினார்கள். எண்ணெய்க்காரத் தெருக்காரர்களுக்கு முதலில் கிட்டார் சத்தம் தலைவலியாக இருந்தது; மண்டி அண்ணாச்சி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று, "தாயி, கணக்குப் பாக்குத நேரத்துல மட்டும் கொஞ்சம் மெதுவா" என்றார்; பிறகு அவரே அந்த ராகத்தில் மூட்டை எண்ண ஆரம்பித்தார்.

இரண்டாவது பாட்டுக்கு வீடு தபால் ஆபீஸ் பின்புறம் போய், மூன்றாவதற்கு மரைக்காயர் தெருவுக்குப் போனது. அங்கே அது சேர்ந்தபோது எதிர்வீட்டு ஜொஹரா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வீடு தன் பாட்டுக்கு வந்து அமர்ந்ததும் கீரையைத் தட்டோடு எடுத்துக்கொண்டு இந்த வாசலுக்கு வந்து, "வந்த களைப்புல சமைக்க வேண்டாம், நம்ம வீட்டுல சாப்டுங்க" என்றாள். வீட்டுக்கா வருகிற களைப்பு, நமக்கா என்று சலேத் யோசித்தாள், ஆனால் போய்ச் சாப்பிட்டாள். புருஷன் போன நாளிலிருந்து வாசலை விட்டு எங்கேயும் போய்ச் சாப்பிடாதவள் அவள். ஜொஹராவிடம் கொல்லத்துக் கதையை முழுக்கச் சொன்னாள். ஜொஹரா கேட்டுவிட்டு, "சாத்துறதுக்கு முன்னால என்ன சொல்லுவிய?" என்றாள். சலேத்துக்கு அது மட்டும் தெரியவில்லை. இத்தனை வருடம் கதவைத்தான் யோசித்திருந்தாள், வார்த்தையை யோசிக்கவில்லை.

நான்காவது பாட்டு ஆல்பத்திலேயே முரட்டுப் பாட்டு. அதைப் பாடி முடித்ததும் வீடு ரயில் தண்டவாளத்தைத் தாண்டி மேற்கே போய், மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களின் காலனியில், உடைந்த தொட்டிக்கும் முத்துமாரியின் வீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தது. அதுவரை ஒவ்வொரு தெருவிலும் வந்து பார்த்துப்போன சலேத்தின் உறவுக்காரர்களுக்கு அந்த வாரத்திலிருந்து எல்லாருக்கும் ஒன்றாக உடம்பு சரியில்லாமல் போனது. சலேத்தே இரண்டு நாள் ஜன்னலைத் திறக்கவில்லை. அதற்குப்பிறகு தண்ணீர் தீர்ந்துபோனதால் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முத்துமாரி தெருக் கூட்டும் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வந்தது வந்துட்டிய. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க" என்றாள் முத்துமாரி. "எங்க பக்கம் தானா ஒண்ணும் வந்ததில்ல பாத்துக்கிடுங்க. தண்ணி லாரியக்கூட நாங்கதான் போயி மறிச்சுக் கூட்டியாரணும்."

சலேத் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

வீடு வந்ததால் காலனிக்கு டி.வி.க்காரர்கள் வந்தார்கள், டி.வி.க்காரர்கள் வந்ததால் கலெக்டர் வந்தார். கலெக்டர் வருவதற்காக ரோடு போட்டார்கள், கம்பத்துக்குக் கம்பம் விளக்கு எரிந்தது, தண்ணீர் லாரி யாரும் மறிக்காமலே வந்து நின்றது. சாலையில் தார் காய்வதற்குள் காலனி ஆட்கள் சேர்ந்து டெல்பினிடம் வந்தார்கள். அஞ்சாவது பாட்டை இப்போதைக்கு முடிக்க வேண்டாம், இன்னும் சாக்கடை வேலை பாக்கியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்கள். டெல்பின் சரி என்றாள். சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் யாரும் கேட்டுக்கொள்ளாவிட்டாலும் அவளால் அந்தப் பாட்டை முடித்திருக்க முடியாது.

அஞ்சாவது பாட்டை அவள் எந்த வாத்தியமும் இல்லாமல் பாட நினைத்திருந்தாள், கரண்ட் போன அன்று கேட்ட அந்தக் குரலில். முதல் நாலு பாட்டிலும் இண்டு இடுக்கையெல்லாம் மூன்று கார்டுகளை வைத்து அடைத்துவிட்டாள். இதில் அடைக்க ஒன்றும் இல்லை. ஒரு வரி பாடுவாள். வரி முடிந்ததும் தொண்டை தானாக நின்றுவிடும். தலை தானாக இடதுபக்கம் திரும்பும். மேடையில் ரீகன் நிற்கிற பக்கம். கிட்டார் வந்து பதில் சொல்லிவிட்டுப் போகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் பதினோரு வருடமும் பாடியிருக்கிறாள் என்று இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. மூச்சு விடாமல் பாடிப் பார்த்தாள், வலதுபக்கம் சுவரைப் பார்த்துப் பாடினாள், இடது காதில் பஞ்சு வைத்துப் பாடினாள். மூன்றாவது வரியைத் தாண்டவில்லை. அறைக்குள் நடந்து நடந்து சிமெண்டுத் தரையில் தடம் விழுந்தது. பேண்டுக்கே போய்விடலாமா என்று ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, ரயில்வே கேட்டுவரை போய்த் திரும்பி வந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு முன்பகலில், டி.வி.யில் வீட்டைப் பார்த்துவிட்டு, சில்வெஸ்டர் வந்தான்.

கையில் ஒரு ரெக்சின் பை. முடி முழுக்க நரைத்து, முதுகு வளைந்து, ஒரு காலை இழுத்து நடந்து வந்தான். முதலில் சங்குக்காரத் தெருவுக்குப் போயிருக்கிறான். ஷட்டில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எண்ணெய்க்காரத் தெருவுக்கு வழி சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து தபால் ஆபீஸ், அங்கிருந்து மரைக்காயர் தெரு, அங்கே ஜொஹரா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வழி சொல்ல மாட்டேன் என்று உள்ளே போயிருக்கிறாள். வேறு யாரோ சொல்லி ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டான். புது ரோட்டில் நின்று, பெயின்ட் அடித்த கதவைத் தட்டினான்.

சலேத் திறந்தாள். பின்னால் முன்னறையிலிருந்து டெல்பின் எட்டிப் பார்த்தாள். தன் காதுகள் இரண்டும் வெளியே இன்னொரு முகத்தில் ஒட்டியிருப்பதைக் கண்டதும் அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

"சலேத்து" என்றான் அவன். "வீட்டக் கண்டுபிடிக்கதுக்குள்ள சீவன் போயிட்டு. ஊரெல்லாம் அலைஞ்சிட்டேன்."

சலேத் அவனைப் பார்த்தாள். கொல்லத்தில் அந்தப் பெண் செத்துப்போய்விட்டாள், பிள்ளைகள் வைத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அவன் சொல்லாமலே அந்தச் சட்டைக் காலரிலும் அந்தப் பையின் அறுந்த காதிலும் எழுதியிருந்தது. அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கதவைச் சாத்தினாள்.

கதவு நன்றாக எண்ணெய் விட்ட கதவு. படார் என்று அடிக்கவில்லை. 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

தாழ்ப்பாளில் கையை வைத்தபடி சலேத் நின்றாள். ஆயுசில் பாதியை வைத்துக் காத்திருந்த காரியம், புட்டி மூடி மூடுகிற சத்தத்தில் முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் அவன் போகவில்லை; படியில் பையை வைத்துவிட்டு உட்காருகிற சத்தம் கேட்டது, இருமுகிற சத்தம் கேட்டது. இன்று உட்காருவான், நாளைக்கும் உட்காருவான், மூன்றாம் நாள் பசிக்கும், நான்காம் நாள் தெருவே அவனுக்காகப் பேசும். சலேத்துக்கு எல்லாம் தெரிந்தது.

திரும்பினாள். "பாட்ட முடிட்டி" என்றாள்.

"அம்மா?"

"அந்த அஞ்சாவது பாட்ட இப்ப முடி."

"யம்மா, முடியல்லியே எனக்கு. மூணு வரிக்கு மேல..."

"அவன் நிக்க இடத்துலயே நிக்கட்டும். நாம போவோம். பாடுட்டி!"

டெல்பின் மைக்கின் முன்னால் போய் நின்றாள். ஜன்னல் திறந்திருந்தது; வெளியே முத்துமாரி துடைப்பத்தோடு நின்று படியில் இருந்தவனையும் சாத்திய கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டெல்பின் அவளிடம் ஜன்னல் வழியாக, "முடிக்க மாட்டேன்னு ஒங்ககிட்ட சொன்னேனே அக்கா" என்றாள்.

"பாடு தாயி" என்றாள் முத்துமாரி. "ரோடு போட்டாச்சுல்லா? வீட்டோட சுருட்டிக்கிட்டா போவப்போறானுவ?"

டெல்பின் பாடினாள்.

*என் பேரச் சொல்லிக் கூப்பிடாத,*
*அது பழைய வீட்டு விலாசம்;*
*புதுசு ஒண்ணு கெடைக்கிறவரைக்கும்*

மூன்றாவது வரி முடிந்ததும் தொண்டை வழக்கம் போல நின்றது, தலை வழக்கம் போல இடதுபக்கம் திரும்பியது. இடதுபக்கம் அம்மா நின்றுகொண்டிருந்தாள். தாழ்ப்பாளைப் பிடித்தபடி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்த வரிக்காக நின்றாள். அவளிடம் கிட்டார் இல்லை, பதில் இல்லை; வேண்டியது எதையும் அவள் தரப்போவதில்லை, டெல்பின்தான் தர வேண்டும். டெல்பினுக்குக் கோபம் வந்தது, வெளியே இருப்பவன் மேல் வந்தது, அவன் இருமல் மேல் வந்தது, உன் குரல் எப்படி இருக்கும் என்றுகூடக் கேட்காமல் கொல்லத்தில் இறங்கிப்போனவன் இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்கிறான் என்பதன் மேல் வந்தது, அவன் கேட்கட்டும் என்ற ஆசையும் கூடவே வந்தது. இடத்தை விடாமல் நாலாவது வரிக்குள் இறங்கினாள். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. கரண்ட் போன அன்று பக்கத்தில் நின்ற பொம்பளை இப்போது பக்கத்தில் இல்லை. அவள் நின்ற இடத்தில் டெல்பினே நின்றுகொண்டிருந்தாள்.

கடைசிச் சொல் முடிந்ததும் வீடு விலகியது. அடியிலிருந்து படியும் வீட்டோடு உருவிக்கொண்டு போனதால் சில்வெஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. "சலேத்து" என்று கூப்பிட்டான். காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான், காலனி முழுக்க வாசலில் நின்று பார்க்க நடந்தான். வீடு ரயில்வே கேட்டைத் தாண்டியது. மணி அடித்து கேட் இறங்கியது. அவன் இந்தப் பக்கம் நின்றுவிட்டான். சரக்கு ரயில் ஒன்று அவர்களுக்கு நடுவே வெகுநேரம் போனது. அது போய் முடிந்தபோது ரோட்டில் வீடு இல்லை. முத்துமாரிதான் பிறகு போய் அவனைக் கூட்டிவந்து டீ வாங்கிக் கொடுத்து, கொல்லத்துக்கு பஸ் ஏற்றிவிட்டாள். டீயைக் குடித்துவிட்டு அவன் ஒன்றே ஒன்று கேட்டானாம்: "பாடுனது எம் மகளா?"

வீட்டுக்குள் சலேத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை இல்லாத தூரத்துக்கு வீடு போய்க்கொண்டிருந்தது. பாத்திரங்கள் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொண்டன.

"வருத்தமா இருக்காம்மா?"

"இருக்கு" என்றாள் சலேத். "இனி காலையில எந்திரிச்சு என்ன செய்யன்னு தெரியல்லியே."

அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள். மறுநாள் மத்தியானம் அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தபோது நாலாபக்கமும் உப்பளம். வெள்ளை வெயில், பாத்தி பாத்தியாகத் தண்ணீர், தூரத்தில் உப்பு வாருகிற பெண்கள், அதற்கப்பால் கடல்.

ஆறாவது பாட்டையும் ஏழாவது பாட்டையும் டெல்பின் அங்கேதான் பாடினாள். வீடு வரப்புக்கு வரப்பு கொஞ்சம் கொஞ்சம் தள்ளிக் கடலைப் பார்க்கப் போனது. இன்னும் ஒரே பாட்டு மிச்சம். கடைசிப் பாட்டுக்கு வீடு எங்கே போகும் என்பதுதான் அப்போது ஊர்ப்பேச்சு. கடலுக்குள் இறங்கிவிடும் என்று சிலர் பயந்தார்கள். எண்ணெய்க்காரத் தெருவில் மண்டிக்கு முன்னால் சைக்கிள்களை அப்புறப்படுத்தி வைத்தார்கள். மரைக்காயர் தெருவில் வாசல் தெளித்தார்கள். காலனியில் வீடு இருந்த இடத்தை யாரும் எடுக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். சங்குக்காரத் தெருக்காரர்கள்கூட மனம் மாறி, ஷட்டில் வலையை அவிழ்த்துச் சுருட்டிவிட்டார்கள். கடைசிப் பாட்டைப் பாடுகிற அன்று காலையிலேயே குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக ஜனம் உப்பளத்து வரப்புகளில் வந்து உட்கார்ந்துவிட்டது. கடலைக்காரன் வந்துவிட்டான். சுடலைமுத்து ஏணியோடு வந்து ஒயரைக் கழற்றத் தயாராக நின்றார்.

ரீகனும் வந்தான், முதுகில் கிட்டாரோடு. மெலிந்திருந்தான். பேண்டில் நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி இப்போது பாடுகிறாள், நன்றாகத்தான் பாடுகிறாள் என்றான்.

"கடைசிப் பாட்டுக்கு மட்டும் வாசிக்கட்டா?"

"வேண்டாம் ரீகன். உள்ள வந்து உக்காரு. கேளு."

அவன் முன்னறையின் மூலையில் கிட்டாரைச் சுவரில் சாத்திவிட்டு, பழக்கத்தில் எழும்புகிற விரல்களைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். சலேத் கதவோரம் உட்கார்ந்தாள். டெல்பின் பாடினாள். அது எட்டுப் பாட்டிலும் மெதுவான பாட்டு. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நிறைய இடம் இருந்தது, ஆனால் யாருக்காகவும் விட்டதில்லை.

பாட்டு முடிந்தது. வெளியே ஜனம் எழுந்து நின்றது. வீடு நகரவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்தார்கள். ஒருவர் போய்ச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். "இன்னும் முடியலியோ?" என்றார்கள். "முடிஞ்சிட்டு" என்று உள்ளேயிருந்து சலேத் குரல் கொடுத்தாள். வெயில் ஏறியது, கடலை தீர்ந்தது, சுடலைமுத்து ஏணியைத் தோளில் எடுத்தார். ஏமாற்றுவேலை என்று திட்டிக்கொண்டும், பாவம் பாட்டு சரியில்லை போல என்று இரக்கப்பட்டுக்கொண்டும் வரப்பு வரப்பாக ஆட்கள் கலைந்து போனார்கள்.

டெல்பின் மைக்கை விட்டுத் திரும்பினாள். "தப்பாப் பாடிட்டேனா?"

ரீகன் தொடைக்கடியிலிருந்து விரல்களை வெளியே எடுத்தான். "நான் எந்த இடத்துல வாசிச்சா சரியா வரும்னு முதல்ல இருந்து தேடிக்கிட்டே வந்தேன்" என்றான்.

"கெடச்சுதா?"

"இல்ல." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் இருந்தது. பிறகு கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறிப் போய்விட்டான்.

ஆல்பம் வெளியே வந்தது. கேட்டவர்கள் கேட்டார்கள், 'உப்புக்காத்து' மாதிரி இல்லையே என்று சிலர் குறைப்பட்டார்கள், அஞ்சாவது பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வேறெதையும் கேட்க முடியவில்லை என்று எங்கெங்கிருந்தோ சொன்னார்கள். வீடு உப்பளத்திலேயே நின்றது. அவள் சமையலறையில் முணுமுணுத்துப் பார்த்தாள், முழுக்குரலில் பாடிப் பார்த்தாள், அசையவில்லை. சலேத் சந்தோஷமாக இருந்தாள். உப்பு வாருகிற பெண்கள் மத்தியானம் கஞ்சி குடிக்க அந்த நிழலுக்கு வந்தார்கள், ஜொஹராவும் முத்துமாரியும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டோ பிடித்து வந்தார்கள். "நிக்கணும்னா நிக்கட்டும், காத்து நல்லாத்தான் இருக்கு" என்றாள் சலேத். டெல்பினுக்குத்தான் உள்ளங்கால் அரித்தது. நாலு சுவருக்குள் நடந்து நடந்து பார்த்து, ஒரு காலையில் துணிப்பையையும் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வரப்பு வழியாக மெயின் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். "எங்க பிள்ள கெளம்பிட்ட?"

"பாடப் போறேன். மதுரையில ஒரு இடத்துல கூப்பிட்டிருக்காவ. அங்கயிருந்து எங்கன்னு தெரியல."

"வீடு?"

"அது இருக்கட்டும்க்கா" என்று சொல்லிக்கொண்டே போனாள், பஸ் வந்துவிட்டது.

மதுரையில் அது ஒரு பள்ளிக்கூடத்து ஹால். பேண்டு இல்லாத பாட்டுக்காரி என்னத்தைப் பாடிவிடப்போகிறாள் என்று நினைத்து வந்திருந்தவர்கள், நடுவில் எழுந்துபோக வசதியாக, பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கடைசிச் சுவரோரம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கும் அவர்களுக்கும் நடுவே பாதி ஹால் வெறும் தரையாகக் கிடந்தது. டெல்பின் அந்தத் தரையைப் பார்த்தாள். வணக்கம் சொல்லவில்லை, கிட்டாரை எடுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு வெறும் குரலில் அஞ்சாவது பாட்டை ஆரம்பித்துவிட்டாள். பாடி முடித்து, வேர்வையைத் துடைத்து, கைதட்டல் எல்லாம் ஓய்ந்து, ஆட்களும் முக்கால்வாசி வீட்டுக்குப் போன பிறகு, ஹாலைப் பூட்ட வந்த வாட்ச்மேன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நாற்காலிகள் எல்லாம் மேடையை முட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"யாருய்யா இதையெல்லாம் இங்க இழுத்துப் போட்டது?" என்றார்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கடைசி ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்ததாக அவர்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.